வெளிப்படுத்தின விசேஷத்தை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

வேதபாட ஊழியர் எழுதியது:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு வாழ்த்துதல்கள். எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் அடுத்ததாக எந்தப் புத்தகத்தைத் தியானிக்கலாம் என்று கேட்டபோது, ஏறக்குறைய எல்லாருமே வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் கேட்ட விதத்தில் ஆவலைவிடப் பயமே மிகுதியாகத் தெரிந்தது. அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர்கள் அறிந்ததெல்லாம் கன்வென்ஷன் பிரசங்கங்களிலும் வாட்ஸப் காணொளிகளிலும் கேட்டவைதான்: 666, கையில் பொருத்தப்படும் சிப், தடுப்பூசி, ஆதார் எண், கிறிஸ்து வந்து சபையை எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகையில் கைவிடப்படுதல். முதல் அதிகாரத்திலிருந்து கடைசி அதிகாரம்வரை தொடர்ந்து வாசித்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

அவர்கள் மனத்தில் இருப்பது மிருகத்தையும் 666ஐயும் பற்றிச் சொல்லும் 13ஆம் அதிகாரம் என்பதால் அங்கேயே தொடங்கி, சந்தேகங்களை முதலில் தீர்த்துவிடலாமா, அல்லது வேறு வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாசரேத் வாசகர் எழுதியது:

அன்புள்ள சகோதரருக்கு. தயவுசெய்து 13ஆம் அதிகாரத்தில் தொடங்காதீர்கள். முதல் மூன்று அதிகாரங்களை அவசரமாகக் கடந்துவிட்டு மிருகத்திடம் ஓடுவதுதான் நம்மிடையே இந்தப் புத்தகத்துக்கு நேர்ந்த பெரிய தீங்கு என்று நான் கருதுகிறேன்.

இது ஒரு நிருபம். பவுல் கொரிந்தியருக்கு எழுதியது போலவே, பத்மு தீவிலிருந்த யோவான் ஆசியா மாகாணத்து ஏழு சபைகளுக்கு எழுதி அனுப்பியது. எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகிய ஏழும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த உண்மையான ஊர்கள். வரைபடத்தில் பார்த்தால், நிருபத்தைச் சுமந்து செல்பவர் எபேசுவில் கரையேறி, வடக்கே சென்று, பின்பு தென்கிழக்காகத் திரும்பி லவோதிக்கேயாவில் முடிக்கும் பயணவழியிலேயே அவை வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. "வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்" பாக்கியவான்கள் என்று 1:3 சொல்லும்போது, ஒருவர் உரக்க வாசிக்க, சபை கூடியிருந்து கேட்ட காட்சிதான் நம் கண்முன் வரவேண்டும். அவர்களுக்கு ஒன்றும் விளங்காத, இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து வருபவர்களுக்கு மட்டுமே பொருள்படுகிற ஒரு புத்தகத்தைக் கர்த்தர் அவர்களுக்கு ஏன் அனுப்பவேண்டும்? தானியேலுக்கு அவருடைய புத்தகத்தை முடிவுகாலமட்டும் முத்திரைபோடும்படி சொல்லப்பட்டது. யோவானுக்கோ 22:10இல் நேர்மாறான கட்டளை: "முத்திரைபோடவேண்டாம், காலம் சமீபமாயிருக்கிறது."

எழுதப்பட்ட காலத்தை ஐரேனியு என்ற சபைப்பிதா கி.பி. 180 வாக்கில் குறிப்பிடுகிறார். தொமித்தியன் பேரரசனின் ஆட்சி முடியும் தறுவாயில், அதாவது கி.பி. 95ஐ ஒட்டி, இந்தத் தரிசனம் காணப்பட்டது என்பது அவருடைய சாட்சி. அவனுக்கு முன் ஆண்ட நீரோ பேரரசனின் மரணத்தை ஒட்டிய ஆண்டுகளில் எழுதப்பட்டது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. எனக்கு ஐரேனியு சொல்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. எப்படியாயினும், அந்தச் சபைகள் பேரரசனைத் தேவனாக வணங்கிய நகரங்களின் நடுவே வாழ்ந்தன. பெர்கமுவில் கி.மு. 29இலேயே அகஸ்துவுக்கும் ரோமாபுரிக்கும் கோயில் கட்ட அனுமதி கிடைத்துவிட்டது. பக்கத்து மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி, சில ஆண்டுகளுக்குப் பின் திராயான் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் என்று பிடித்து வரப்பட்டவர்களுக்குப் பேரரசனின் சிலைமுன் தூபமும் திராட்சரசமும் படைக்கச் சொல்லிச் சோதனை வைத்ததையும், மறுத்தவர்களைக் கொல்ல உத்தரவிட்டதையும் தாமே தெரிவிக்கிறார். சிமிர்னா சபைக்குச் சொல்லப்பட்ட "நீ மரணபரியந்தம் உண்மையாயிரு" என்ற வார்த்தையின் கனம் இங்கேதான் விளங்குகிறது. அதே சிமிர்னாவின் கண்காணியான பொலிகார்ப்பு, இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கிறிஸ்துவைச் சபிக்க மறுத்துத் தீக்கு இரையானார்.

ஆகவே, முதல் இரண்டு மாதங்களை ஏழு சபைகளுக்கே கொடுங்கள். அதன்பின் 4, 5 அதிகாரங்கள். சிங்காசனத்தைப் பார்த்தபின்புதான் மிருகத்தைப் பார்க்கவேண்டும். யோவான் வைத்த வரிசையும் அதுவே.

மூத்த விசுவாசி எழுதியது:

நாசரேத் வாசகர் ஆழ்ந்து எழுதியிருக்கிறார். அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆயினும் ஓர் எச்சரிப்பைச் சொல்லாமல் இருக்க என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் முதல் நூற்றாண்டோடு கட்டிவைத்துவிட்டால், நம் ஆண்டவருடைய இரண்டாம் வருகையின் நம்பிக்கை என்னவாகும்? அந்திக்கிறிஸ்து நீரோவோடு முடிந்துபோனவனா? நாங்கள் சிறுவயதிலிருந்து கற்றது, முதல் மூன்று அதிகாரங்கள் சபையின் காலம், நான்காம் அதிகாரம்முதல் சபை எடுத்துக்கொள்ளப்பட்டபின் நடக்கவிருப்பவை என்பதாகும். இந்தப் போதனையால் உலகப்பற்றை விட்டுப் பரிசுத்தமாக வாழ்ந்த குடும்பங்களை நான் அறிவேன். சபைப்பிதாவான யுஸ்தீனும், நீங்கள் மேற்கோள் காட்டிய அதே ஐரேனியுவும், வரப்போகிற ஓர் அந்திக்கிறிஸ்துவையும் கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சியையும் எதிர்பார்த்தவர்கள்தாமே? வாலிபரிடம் பயத்தை நீக்குகிறோம் என்று விழிப்பையும் நீக்கிவிடக் கூடாது.

நாசரேத் வாசகர் எழுதியது:

ஐயா, தங்கள் கவலை நியாயமானது. யுஸ்தீனையும் ஐரேனியுவையும் பற்றித் தாங்கள் சொல்வதும் உண்மையே. 19 முதல் 22 வரையுள்ள அதிகாரங்கள் இன்னும் நிறைவேறவில்லை என்றுதான் நானும் விசுவாசிக்கிறேன். முதற்கேட்போருக்குப் பொருள் இருந்தது என்பதால் பின்வருவோருக்குப் பொருள் இல்லை என்று ஆகாது. ரோம் ஒரு மிருகமாக எழுந்தது போல, தன்னைத் தேவனுடைய இடத்தில் வைக்கும் அரசுகள் பின்னும் எழும்பியிருக்கின்றன, முடிவிலும் எழும்பும். ஆனால் அந்த முடிவான மிருகத்தை அடையாளம் காணக் கற்பது, யோவான் தம் காலத்து மிருகத்தை எப்படிக் காட்டினார் என்று பார்ப்பதிலிருந்தே தொடங்கவேண்டும்.

13ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். சமுத்திரத்திலிருந்து எழும்பும் அந்த மிருகம் சிறுத்தையைப் போன்றது, அதன் கால்கள் கரடியின் கால்கள், வாய் சிங்கத்தின் வாய், தலைகள் ஏழு, கொம்புகள் பத்து. தானியேல் 7ஐத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சிங்கம், கரடி, நான்கு தலைகளுள்ள சிறுத்தை, பத்துக் கொம்புகளுள்ள நான்காம் மிருகம் என நான்கு தனித்தனி மிருகங்கள் வருகின்றன. நான்கின் தலைகளையும் கூட்டினால் ஏழு, கொம்புகள் பத்து. தானியேல் அடுத்தடுத்துக் கண்ட அரசுகளின் கொடுமை முழுவதையும் யோவான் ஒரே உடலில் காண்கிறார். இதை வாலிபர்கள் தாங்களே கண்டுபிடிக்கும்படி இரண்டு அதிகாரங்களையும் கையில் கொடுத்துவிடுங்கள். விளக்கிச் சொல்வதைவிட அது பலன் தரும். இந்தப் புத்தகத்தில் பழைய ஏற்பாட்டின் எதிரொலி இல்லாத பக்கமே இல்லை. ஆனாலும் "என்று எழுதியிருக்கிறதே" என்று ஓரிடத்திலும் மேற்கோள் காட்டப்படவில்லை. கேட்கிறவர்களுக்கு வேதம் தெரியும் என்ற நம்பிக்கையோடு யோவான் எழுதுகிறார்.

அடுத்து 666. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்களாகவும் பயன்பட்டன; நம் பழைய ஏடுகளில் க, உ, ங என்று எண்களை எழுதியதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஆகையால் ஒரு பெயரைக் கூட்டி எண்ணாகச் சொல்வது அக்காலத்தில் வழக்கம். "நேரோன் கேசர்" என்பதை எபிரெய எழுத்துகளில் எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200 எனக் கூட்டுத்தொகை 666 வருகிறது. லத்தீன் வழக்கப்படி "நேரோ" என்று கடைசி எழுத்தை விட்டுவிட்டால் 50 குறைந்து 616 ஆகும். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருப்பது தற்செயலானதன்று என்று பலர் கருதுகிறார்கள். ஐரேனியு 616 என்ற பாடத்தை அறிந்திருந்து, அதை மறுத்தார். அவருக்கு நீரோவின் பெயர் தோன்றவில்லை; வேறு சில பெயர்களைச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஊகித்துப் பெயர் சூட்டுவதைவிட நிறைவேறுதலுக்குக் காத்திருப்பதே பாதுகாப்பானது என்று முடித்தார். புத்தகம் எழுதப்பட்டு நூறு ஆண்டுகள்கூட ஆகாத காலத்தில், மூலமொழியை அறிந்த ஒருவர் காட்டிய அந்த அடக்கம் நம் மேடைகளுக்கு வேண்டும்.

முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 13ஆம் அதிகாரம் மிருகத்தின் முத்திரையோடு முடிகிறது. அடுத்த வசனமான 14:1இல், ஆட்டுக்குட்டியானவராகிய கிறிஸ்துவோடு நிற்பவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதப்பட்டிருக்கிறது. யோவான் இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறார். பிதாவின் நாமம் கண்ணால் காணக்கூடிய பச்சை குத்தல் என்று நம்மில் ஒருவரும் போதிப்பதில்லை. நாம் யாருக்குச் சொந்தம் என்பதன் அடையாளம் என்றே போதிக்கிறோம். அப்படியானால் மற்றதை மட்டும் ஏன் ஊசியாகவும் சிப்பாகவும் ஆக்குகிறோம்? கையும் நெற்றியும் உபாகமம் 6:8இலிருந்து வருகின்றன. தேவனுடைய வார்த்தைகளைக் கையில் அடையாளமாகவும் கண்களுக்கு நடுவே ஞாபகக்குறியாகவும் கட்டிக்கொள்ள இஸ்ரவேலுக்குச் சொல்லப்பட்டது. மிருகம் கேட்பது அந்த இடத்தை. அதை ஒருவர் அறியாமல் மருத்துவமனையில் பெற்றுக்கொண்டுவிட முடியாது. 14:9 அதை வணக்கத்தோடு சேர்த்தே பேசுகிறது.

ஞாயிறு பள்ளி ஆசிரியை எழுதியது:

சகோதரர்கள் எழுதியதை வாசித்தேன். தியத்தீராவைப் பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் வாலிபர்களின் அன்றாட வாழ்க்கைக்கு மிக அருகில் இருப்பது அந்தக் கடிதந்தான் என்பது என் எண்ணம்.

தியத்தீரா பெரிய அரசியல் நகரமன்று, கைத்தொழில் நகரம். அப்போஸ்தலர் 16இல் வரும் இரத்தாம்பரம் விற்கிற லீதியாள் அந்த ஊர்க்காரிதான். சாயம் தோய்ப்பவர்கள், கம்பளி நெய்பவர்கள், வெண்கல வேலைக்காரர்கள், தோல் வேலைக்காரர்கள் என ஒவ்வொரு தொழிலுக்கும் அங்கே ஒரு சங்கம் இருந்ததை அவ்வூர்க் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அத்தகைய சங்கங்களின் விருந்துகள் தெய்வங்களுக்குப் படைத்த உணவோடு நடந்தன. விருந்துக்குப் போகாதவனுக்குச் சங்கத்தில் இடம் ஏது, இடமில்லாதவனுக்கு வேலை ஏது? அந்தக் கடிதத்தில் யேசபேல் என்று பெயரிடப்பட்ட போதகி "போனால் என்ன, சாப்பிட்டால் என்ன" என்று ஆறுதல் சொன்னபோது, அது எத்தனை குடும்பங்களுக்கு இனிமையாகக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கொள்ளவும் விற்கவும் முடியாதபடி செய்யப்படுவதைப் பற்றி 13:17இல் கேட்டபோது, தியத்தீரா சபையார் எதிர்காலக் கருவியொன்றைக் கற்பனை செய்திருக்க வாய்ப்பில்லை. அடுத்த மாதச் சங்க விருந்தை நினைத்திருப்பார்கள்.

நம் பிள்ளைகள் பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் ஆயுத பூஜை நாளன்று நிற்கிற இடம் இதுவே. முதலாளி அன்போடு பொரியும் பழமும் நீட்டும்போது என்ன செய்வது என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான். அன்போடு கொடுப்பவரைப் புண்படுத்தாமலும், வணக்கத்தில் பங்குகொள்ளாமலும் நடப்பது எப்படி என்பதை 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்து வாசித்துப் பேசினோம். பவுல் கொடுக்கிற இடமும் யோவான் வைக்கிற கண்டிப்பும் ஒன்றோடொன்று உரசுவது போல் தெரியும். அந்த உரசலை மறைக்காமல் பிள்ளைகளிடம் திறந்து வைக்கவேண்டும் என்பது என் துணிபு.

6:6ஐயும் விட்டுவிடாதீர்கள். "ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமை." அந்தப் பணம் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம், அங்கே சொல்லப்படும் அளவோ ஒரே ஆளுக்கு ஒருநாள் உணவு. நாள்முழுதும் உழைத்தவன் தான் மட்டும் சாப்பிடலாம், அல்லது வாற்கோதுமை வாங்கிக் குடும்பத்தோடு அரைவயிறு நிரப்பலாம். எண்ணெயும் திராட்சரசமும் மட்டும் சேதமில்லாமல் இருக்கும். கறுப்புக் குதிரையின்மேல் வருகிறவனின் கையில் இருப்பது பட்டயம் அன்று, தராசு. ரேஷன் கடை வரிசையில் நின்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வசனத்துக்கு உரை தேவைப்படுவதில்லை.

திருவிவிலிய மாணவர் எழுதியது:

நான் கத்தோலிக்கன். நாங்கள் திருவெளிப்பாடு என்று சொல்லும் இந்நூலைப் பற்றிய உரையாடல் இவ்வளவு கண்ணியமாக நடப்பது மகிழ்ச்சி அளிக்கிறது. ஏனெனில் 17ஆம் அதிகாரத்தில் வரும் மகா பாபிலோன் என்னும் பெண் எங்கள் திருச்சபையே என்று எழுதிய துண்டுப் பிரசுரங்களை வாங்கி வாசித்து வளர்ந்தவன் நான். சீர்திருத்தக் காலத்திலிருந்து அந்த விளக்கம் பல தலைமுறைகள் நீடித்தது. ஆனால் லூத்தரே 1522இல் எழுதிய முன்னுரையில், இந்நூல் அப்போஸ்தலருடையதோ தீர்க்கதரிசனமோ என்று தமக்குத் தோன்றவில்லை என்றார். 1530இல்தான் அதை மாற்றி, சபை வரலாற்றின் முன்னறிவிப்பாக விளக்கினார். கிழக்குத் திருச்சபைகளிலும் தயக்கம் நீண்டகாலம் இருந்தது. சிரியாக் மொழியின் பெஷித்தா திருப்புதலில் முதலில் இந்நூல் இடம்பெறவில்லை. கிரேக்க மரபுச் சபைகள் இதை ஏற்றுக்கொண்டும் இன்றுவரை வழிபாட்டு வாசகமாக வாசிப்பதில்லை.

17ஆம் அதிகாரம் தன்னைத் தானே விளக்குகிறது: ஏழு தலைகள் ஏழு மலைகள், அந்தப் பெண் மண்ணுலக அரசர்கள்மேல் ஆட்சி செலுத்தும் மாநகர். முதல் நூற்றாண்டில் ஏழு குன்றுகளின் நகரம் என்றால் எதுவென்று எல்லாருக்கும் தெரியும். 18ஆம் அதிகாரத்தில் வணிகர்கள் அழுவது எதற்காக என்று பாருங்கள். அவர்கள் சரக்கை வாங்க இனி ஆள் இல்லை என்பதற்காக. பொன், வெள்ளி, இரத்தினம், முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, தூபம் என்று நீளும் அந்தப் பட்டியல் ரோமின் உண்மையான இறக்குமதிப் பட்டியல். அதில் நம் கடற்கரையும் இருக்கிறது. அதே முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயணக் குறிப்பான பெரிப்புளூஸ், பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக்குளித்தல் நடந்ததையும், தண்டனை பெற்ற கைதிகளே அங்கு மூழ்க வைக்கப்பட்டதையும் பதிவு செய்கிறது. ரோமாபுரிப் பெண்களின் காதில் தொங்கிய முத்துக்குப் பின்னால் மூச்சடக்கி மூழ்கிய அந்த மனிதர்கள் இருந்தார்கள். யோவானின் பட்டியல் ஆடுமாடு, குதிரை, இரதம் என்று இறங்கி, கடைசியில் அடிமைகளையும் மனித உயிர்களையும் சொல்லி நிற்கிறது. உலகத்தின் செழிப்பு எதன்மேல் கட்டப்பட்டது என்பதை இறைவன் கணக்கில் வைத்திருக்கிறார் என்று நான் இதை வாசிக்கிறேன்.

மூத்த விசுவாசி எழுதியது:

கொற்கை முத்தைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை, நன்றி. தியத்தீராவைப் பற்றிச் சகோதரி எழுதியதை எங்கள் சபையிலும் வாசிக்கக் கொடுப்பேன். ஆனால் இரகசிய வருகையைப் பற்றி நாசரேத் வாசகர் ஒன்றும் சொல்லாமல் நழுவிவிட்டார். அதைச் சொல்லவேண்டும். லவோதிக்கேயாவைப் பற்றியும் கேட்கிறேன்: அது கடைசிக்காலத்துச் சபையைக் குறிக்கவில்லையா?

நாசரேத் வாசகர் எழுதியது:

ஐயா, நேராகவே சொல்கிறேன். உபத்திரவ காலத்துக்கு முன்பு சபை தனியாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற போதனை, இன்று நாம் அறிந்த ஒழுங்கில், 1830களில் டார்பி என்பவரால் முறைப்படுத்தப்பட்டு, 1909இல் வெளிவந்த ஸ்கோபீல்டு குறிப்பு வேதாகமத்தின் வழியாகப் பரவியது. 1 தெசலோனிக்கேயர் 4:17 சபை எடுத்துக்கொள்ளப்படுவதைத் தெளிவாகச் சொல்கிறது. அதை நான் முழுமனத்தோடு விசுவாசிக்கிறேன். அது இரகசியமானது என்றும், ஏழு ஆண்டு உபத்திரவ காலத்துக்கு முன் நிகழ்வது என்றும் வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் வசனத்தை என்னால் காட்ட முடியவில்லை. 4:1இல் "இங்கே ஏறிவா" என்ற அழைப்பு யோவானுக்கு விடுக்கப்பட்டது. தாங்கள் அதைச் சபைக்கு நிழலாகக் கொள்வதை நான் தடுக்கவில்லை; வாலிபர்களிடம் சொல்லும்போது, அது வசனத்தின் நேர்க்கூற்று அன்று, ஒரு விளக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்றே கேட்கிறேன். 7:14இல் வெள்ளை அங்கி தரித்தவர்கள் மிகுந்த உபத்திரவத்திலிருந்து வந்தவர்கள். சிமிர்னாவுக்கு உபத்திரவத்திலிருந்து விடுதலை வாக்களிக்கப்படவில்லை. அதற்குள் ஜீவகிரீடம் வாக்களிக்கப்பட்டது.

லவோதிக்கேயாவை ஒரு காலகட்டத்தின் பெயராக்கினால், அந்த ஊரில் இருந்த சபையின் முகம் மறைந்துவிடுகிறது. கி.பி. 60இல் பூகம்பத்தில் இடிந்தபோது, ரோமின் உதவியில்லாமல் தன் சொந்தப் பணத்திலேயே எழுந்து நின்ற நகரம் அது என்று தாசித்து என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். "ஒரு குறைவுமில்லை" என்று அந்தச் சபை சொல்வதில் அந்த ஊரின் குரல் கேட்கிறது. அந்தச் சபை அனலுமில்லை குளிருமில்லை என்று ஆண்டவர் சொல்வதைப் பற்றியும் ஒன்று. குளிர் என்பது அவிசுவாசம் என்றால், குளிராயாவது இருந்தால் நலம் என்று ஆண்டவர் ஏன் சொல்லவேண்டும்? பக்கத்து எராப்போலி வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்பெற்றது, கொலோசெயில் குளிர்ந்த நீர் ஓடியது, இரண்டும் பயன்படும். லவோதிக்கேயாவின் நீர் குழாயில் வந்தது. அந்தக் கற்குழாய்கள் சுண்ணாம்புப் படிவத்தால் அடைபட்டுக் கிடப்பதை இன்றும் காணலாம். விருந்தில் வெந்நீரும் குளிர்நீரும் பரிமாறும் வழக்கத்தோடு இதை ஒப்பிடுபவர்களும் உண்டு. எதுவாயினும், ஆண்டவர் கடிந்துகொள்வது எவருக்கும் உதவாத நிலையை.

வேதபாட ஊழியர் எழுதியது:

எல்லாருக்கும் என் நன்றி. தொடக்கத்தை மாற்றிக்கொள்கிறேன், ஏழு சபைகளோடு தொடங்குகிறோம். ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. வருகையின் தேதியைக் கணக்கிட்டுச் சொல்லும் காணொளிகளை வாலிபர்கள் கொண்டுவந்தால் என்ன செய்வது? தடுத்தால் இன்னும் அதிகமாகப் பார்ப்பார்கள்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை எழுதியது:

தடுக்காதீர்கள், சகோதரரே. வருகையின் நாளாக 1844 அக்டோபர் 22ஐக் குறித்த அமெரிக்கப் போதகர் மில்லருடைய இயக்கத்தாரும், 2011 மே 21ஐக் குறித்த அமெரிக்க வானொலிப் போதகர் காம்பிங்கும் எந்த வசனங்களைக் கூட்டிக் கழித்தார்கள் என்பதை அவர்கள் முன்பே எடுத்து வையுங்கள். மில்லர் தானியேல் 8:14இன் 2300 நாள்களை ஆண்டுகளாக எண்ணினார். அவரை நம்பி அறுவடை செய்யாமல் வயலை விட்டவர்களும் உண்டு. பிறகு, அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர ஒருவரும் அறியார் என்று சொல்லும் மத்தேயு 24:36ஐ ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. முதல் கூடுகையிலேயே விளக்கம் எதுவும் இல்லாமல், 22 அதிகாரங்களையும் ஆள்மாற்றி ஆள் உரக்க வாசித்துவிடுங்கள்; ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். நடுவில் வருகிற பாடல்களை எல்லாரும் எழுந்து நின்று சேர்ந்து வாசிக்கட்டும். மிருகம் எத்தனை இடத்தில் வருகிறது, ஆட்டுக்குட்டியானவர் எத்தனை இடத்தில் வருகிறார் என்று ஆளுக்கொரு தாளில் குறித்துக்கொண்டு வரச்சொல்லுங்கள். அடுத்த வாரம் எபேசுவைத் தொடங்கும்போது அந்தத் தாள்களும் கையில் இருக்கட்டும்.